பெரியப்பா 30,000 ரூபாவுக்கு வாங்கிய ‘தேசகீர்த்தி’: ஐந்துக்கு ஒன்றரை

மாசி மாதம் பெரியப்பாவின் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. கொழும்பிலிருந்து கதைக்கிறோம், ஐயாவின் கலைச்சேவைக்குத் தேசிய விருது தரப் போகிறோம், விழா வவுனியாவில், வர முடியுமா என்று கேட்டார்கள். பெரியப்பா முள்ளியவளைப் பக்கம் நாற்பது வருடமாகக் கோவலன் கூத்து ஆடியும் பழக்கியும் வருகிற அண்ணாவியார். போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த நாட்களிலும் தறப்பாளுக்குக் கீழே பிள்ளைகளை இருத்திப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர். யாரோ ஒருவருக்காவது இந்த மனுசனைத் தெரிந்திருக்கிறதே என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான்.

அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் படிவம் வந்தது. கடைசிப் பக்கத்தில் ‘விழாச் செலவுப் பங்களிப்பு’ என்று ஒரு பட்டியல்: கலைச்சுடர் 15,000, தேசகீர்த்தி 30,000, தேசமான்ய 50,000. பலசரக்குக் கடையில் அரிசி விலை எழுதித் தொங்கவிடுவார்களே, அதே மாதிரி. வேண்டாம் பெரியப்பா என்றேன். “மண்டபத்துக்குக் காசு கட்டத்தானே வேணும் தம்பி” என்று, நெல் விற்ற காசில் 30,000 எடுத்து வங்கியில் போட்டுவிட்டார். அமைப்பின் பெயரை எழுதப் போவதில்லை, இப்படி நடத்துகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை.

சரி, விழா. ஒன்பது மணி என்றார்கள், பிரதம அதிதி வந்து சேர்ந்தது பன்னிரண்டேகாலுக்கு. விருது வாங்க வந்தவர்களே நூற்றுக்கு மேல், அவர்களோடு வந்த சொந்தக்காரரைத் தவிர மண்டபத்தில் வேறு ஆட்கள் இல்லை. ஆளுக்கு ஒரு நிமிடம். பெரியப்பாவைக் ‘கோலாட்டக் கலைஞர்’ என்று அறிவித்தார்கள், அவர் மேடையிலேயே திருத்தப் பார்த்தார், அதற்குள் அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டாயிற்று. பொன்னாடை பரவாயில்லை. பதக்கத்தின் தங்க நிறம், நெடுங்கேணி வழியாக பஸ்ஸில் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் விரலில் ஒட்டியிருந்தது. மத்தியானச் சாப்பாடு உண்மையிலேயே நல்லது, கோழிக்கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும், நான் கொடுத்த ஒன்றரையில் ஒன்று அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் மெனக்கெட்டுத் தேடிப் பார்த்தேன். இலங்கையின் தேசிய விருதுகள் 1986இல் ஜே.ஆர். ஜெயவர்தன காலத்தில் தொடங்கியவை, அவற்றைக் கொடுக்கிறவர் ஜனாதிபதி. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ரீலங்காபிமான்ய. அதை ஒரே காலத்தில் ஐந்து பேருக்கு மேல் வைத்திருக்க முடியாது, எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்குக்கு 2005இல் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த படி தேசமான்ய, பிறகு தேசபந்து. கலைஞர்களுக்குக் கலாகீர்த்தி, கலாசூரி என்று தனியாக இருக்கின்றன. ‘தேசகீர்த்தி’ அந்த வரிசையிலேயே இல்லை. அதைவிட எனக்கு எரிச்சல், நாட்டின் இரண்டாவது பெரிய விருதை 50,000 ரூபா என்று படிவத்தில் அச்சடித்து அனுப்புகிற துணிச்சல்.

எங்களோடு மேடையில் நின்று படம் எடுத்த ஒருவர் இரண்டு மாதம் கழித்துக் களவாக மணல் ஏற்றியதில் பிடிபட்டார். நான் அந்த நம்பருக்கு எடுத்து, இப்போது அவருடைய பட்டத்தைத் திருப்பி எடுப்பீர்களா என்று கேட்டேன். “அப்படி ஒரு நடைமுறை எங்களிட்ட இல்லை ஐயா” என்றார் அந்தப் பிள்ளை, மிகவும் மரியாதையாக. எங்கே இருக்கும்? யாருக்குக் கொடுத்தோம் என்ற பதிவு இருந்தால்தானே அதிலிருந்து ஒரு பெயரை வெட்ட முடியும்!

பிரித்தானியாவில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. வங்கித் தொழிலுக்குச் செய்த சேவைக்காக 2004இல் சேர் பட்டம் வாங்கிய பிரெட் குட்வின், அவர் நடத்திய வங்கி கிட்டத்தட்ட முழுகிப்போன பிறகு, 2012இல் அதை இழந்தார். சிம்பாப்வே ஜனாதிபதி முகாபேக்கு 1994இல் கொடுத்த கௌரவ சேர் பட்டத்தை 2008இல் பிடுங்கினார்கள், பதினான்கு வருடம் எடுத்தது என்பது வேறு கதை. இந்தியாவில் இன்னும் இறுக்கம். பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ பட்டம்போல் போடக்கூடாது, போட்டால் விருதையே இழக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் பக்கம் நேர்மாறு: தேசமான்யவும் தேசபந்துவும் பெயருக்கு முன்னால் போடுகிற பட்டங்கள். கல்யாண வீட்டு அழைப்பிதழில் அப்படிப் போட ஆசைப்படுகிறவர்கள் இருக்கும்வரை இந்தச் சேவைக்கு ஆள் குறையாது.

வயது போன கலைஞர் வீட்டில் இருந்தால் முதலில் உங்கள் பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரைப் போய்ப் பாருங்கள். அறுபது தாண்டிய கலைஞர்களுக்குக் கலாபூஷணம் என்ற அரச விருது இருக்கிறது. நாங்கள் போனபோது படிவத்துக்கு ஒரு சதமும் கேட்கவில்லை. ஆனால் பழைய நோட்டீஸ், படம், பத்திரிகைத் துண்டு என்று சான்றுகள் வேண்டும் என்றார்கள், 2009 போரில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய சனத்திடம் அது எங்கே இருக்கும்? பெரியப்பாவிடம் மிஞ்சியது மூன்று படம், அதிலும் ஒன்றில் முகம் தெரியாது. கூட ஆடிய இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் கடிதம் எழுதி வாங்கினோம். இன்னும் பதில் வரவில்லை.

தேசகீர்த்திச் சான்றிதழையும் அந்தக் கோப்புக்குள் வைப்போமா என்று கேட்டேன். பெரியப்பா சிரித்துவிட்டு வேண்டாம் என்றார். பதக்கம் இப்போது கூத்துப் பெட்டிக்குள் கிடக்கிறது. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில் பொங்கல் முடிந்து ஆடுகிற கூத்தில் பாண்டியன் வேடம் கட்டுகிற பெடியனின் நெஞ்சில் அதைத்தான் தொங்கவிடப் போகிறாராம். தூரத்திலிருந்து பார்த்தால் வடிவாகத்தான் இருக்கும், வியர்வைதான் படக்கூடாது.