வயல் ஓரமா, காட்டு ஒடுக்கமா: மான் வேட்டைக்கு ஸ்டாண்ட் எங்க போடலாம்

ரெண்டு சீசன் வயல் ஓரத்துல உக்காந்துட்டு, மூணாவது சீசன் அந்த ஸ்டாண்டை (மரத்துல மாட்டி ஏறி உக்கார்ற பரண்) கழட்டி 300 யார்டு தள்ளி காட்டுக்குள்ள கொண்டு போய்ட்டேன். இடம் அமெரிக்கால தெற்கு மிச்சிகன், ஒரு விவசாயி வில்லு வேட்டைக்கு மட்டும் அனுமதி குடுத்த நிலம். மேற்க சோயா வயல், கிழக்க பெரிய குளம், நடுவுல வடக்கு தெற்கா நீளமா ஒரு காடு. வெள்ளைவால் மானுங்க பகல்ல படுக்கறது வடக்கு பக்கம். தெற்க வர வர காடு குறுகிக்கிட்டே வந்து ஒரு இடத்துல 35 யார்டுதான் அகலம், அதைத்தான் ஒடுக்கம்னு சொல்றேன்.

வயல் ஓரம் நல்லா இருக்கும்னு யாரும் சொல்லியே தர வேணாம். தூரத்துல வர்றது தெரியும், ஒரே சாயங்காலத்துல ஏழெட்டு மான் பாக்கலாம், ஏணி ஸ்டாண்டை சாத்தறதும் சுலபம். எங்க தாத்தா சோளக்கொல்லைல பரண் கட்டும்போது கொல்லை முழுக்க தெரியற இடமா பாத்துதான் கட்டுவார், அதே நெனப்புலதான் நானும் கட்டினேன். ஆனா அவர் கிளியை வெரட்ட ஏறினார், நான் மானுக்கு தெரியாம இருக்க ஏறினேன், ரெண்டும் வேற வேலைன்னு புரிய எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

பிரச்சனை ஏறறதுல இல்ல, எறங்கறதுல. சூரியன் மறைஞ்சு அரை மணி நேரம் வரைக்கும்தான் அம்பு விடலாம், மான் வயலுக்கு வர்றதும் அந்த நேரத்துலதான். டைம் முடியும்போது 40 யார்டுல ஆறு பெட்டை மான் மேஞ்சுக்கிட்டு நிக்கும், எறங்கினா பாத்துடும், எறங்கலைன்னா இருட்டுல குளிர்ல எவ்வளவு நேரம் உக்காந்திருப்பீங்க? நான் எறங்கினேன். ஒரு பெட்டை மூக்கால ஊதி வாலைத் தூக்கி வெள்ளையைக் காட்டினதும் மொத்தக் கூட்டமும் ஓடிச்சு. இப்படி மூணு தடவை ஆனப்புறம் அந்த வயசான பெட்டை வயலுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே நின்னு நேரா என் மரத்தை அண்ணாந்து பாக்க ஆரம்பிச்சுது, அக்டோபர் முடியறதுக்குள்ள வெளிச்சத்துல ஒரு மானும் வரல. சில நாள் விவசாயியே பிக்கப்பை ஓட்டிக்கிட்டு வந்து கூட்டத்தைக் கலைச்சு விட்டார், வண்டியைப் பாத்து ஓடினா மரத்து மேல சந்தேகம் வராது. நல்ல வழிதான், ஆனா தினமும் அவரைப் போய் கேக்க முடியுமா?

ஒடுக்கத்துல இந்தத் தொல்லை இல்ல. தெற்கே இருந்து ஒரு வாய்க்கா குளத்துல வந்து சேருது, இடுப்பளவு பள்ளம். ரப்பர் பூட்ஸ் போட்டு அதுக்குள்ளயே நடந்து வந்து மரம் ஏறி, இருட்டினதும் அப்படியே திரும்பிடலாம், வயலைத் தொடவே வேணாம். மான் இங்க மேயறதுக்கு நிக்காது, கடந்து போய்டும், அதனால எறங்கற நேரத்துல அடியில யாரும் இருக்க மாட்டாங்க. என் மரம் குளத்தை ஒட்டி கிழக்கு ஓரம், மான் தடம் மேற்க 15, 20 யார்டுல. இங்க சீசன்ல அதிகம் மேல்காத்து (மேற்கே இருந்து வர்றது), இல்லன்னா வடமேற்கு, ரெண்டுமே என் வாடையை தண்ணி மேல கொண்டு போய்டும். சாயங்காலம் காத்து குளுந்து கீழ எறங்கும்போதும் பள்ளமான குளத்துப் பக்கம்தான் போகுது. இதை மில்க்வீட் பஞ்சு வெச்சு பாத்தேன், நம்ம எருக்கம்பஞ்சு மாதிரியே இருக்கும், ஒண்ணு ரெண்டை பறக்க விட்டா எங்க போய் சுத்துதுன்னு கண்ணுக்கே தெரியும்.

குறை இருக்கு. சாயங்கால வெயில் நேரா கண்ணுல அடிக்கும், மான் எண்ணிக்கையும் கம்மி, நாலு நாள் ஒண்ணுமே பாக்காம வந்திருக்கேன். ஆனா பாத்தது எல்லாம் அம்பு தூரத்துல. நவம்பர் முதல் வாரம், இணை சேர்ற சீசன்ல, காலைல ஒரு கிடா மூக்கை தரையில வெச்சுக்கிட்டு பெட்டையைத் தேடி 17 யார்டுல போச்சு. ஒரே அம்பு, 60 யார்டுக்குள்ள விழுந்துடுச்சு. வயல் ஓரத்துல ரெண்டு வருஷம் அந்த மாதிரி ஒரு நிமிஷம் கெடைக்கல.

மான் படுக்கற இடத்துக்கு பக்கத்துலயே போடலாம்னும் சொல்வாங்க. ரெண்டே தடவை போனேன், ரெண்டு தடவையும் நான் போய்ச் சேர்றதுக்குள்ள எழுப்பி விட்டுட்டேன், அதனால அதைப் பத்தி தீர்ப்பு சொல்ல மாட்டேன். மலைச்சரிவு நிலத்துல காலைல காத்து மேல ஏறும், எங்களோடது சமதரை, அந்தக் கணக்கு எனக்கு பழக்கமில்ல. மிச்சிகனோட கீழ் தீபகற்பத்துல (எங்க இடமும் அதுலதான்) 2019ல இருந்து தீனி போட்டு இழுக்கவும் தடை, அதனால வெள்ளை ஓக் மரத்துக் கொட்டை எங்க விழுதுன்னு பாத்து வைங்க, சிவப்பு ஓக்கை விட அதுல துவர்ப்பு கம்மி, மான் மொதல்ல அங்கதான் போகும். உயரம் 18 அடி எனக்கு போதும், ரொம்ப மேல போனா அம்பு செங்குத்தா எறங்கி ஒரு நுரையீரல்ல மட்டும் படலாம், அடிபட்ட மான் வெகு தூரம் போய்டும். எங்க போட்டாலும் தரையை விட்டு கால் எடுக்கறதுக்கு முன்னாடியே ஹார்னஸை (உடம்புல போடற பாதுகாப்பு வார்) லைஃப்லைன்ல (மரத்து மேல இருந்து தரை வரைக்கும் தொங்கற பாதுகாப்பு கயிறு) மாட்டிடுங்க.

இப்ப பாக்கி இருக்கறது கீழ்காத்து (கிழக்கே இருந்து வர்றது) அடிக்கற நாள். அன்னிக்கு ஒடுக்கத்துக்கு போறதே இல்ல, போனா என் வாடை நேரா தடத்து மேல விழும். மார்ச்ல மேற்கு ஓரத்துல ஒரு மரம் பாத்து இன்னொரு ஸ்டாண்ட் போடலாம்னு இருக்கேன், ஆனா அதுக்கு போற வழி வயலுக்குள்ள வருது, அதை எப்படி சுத்திப் போறதுன்னு இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.