இணையவழி நூலகப் படிப்பு: பெங்களூரில் சேர நினைப்பவர்களுக்கு

இக்னோவின் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) ஆறு மாத நூலகச் சான்றிதழ்ப் படிப்புக்கு பிளஸ் டூ போதும். பாடநூல்கள் அதன் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசம். பணம் கட்டும் முன் ஒன்றையாவது படித்துப் பாருங்கள். கோட்பாட்டுப் பகுதி அருமை. புத்தகப் பகுப்பு முறை ஒன்றை வகுத்தவரும் சீர்காழியில் பிறந்தவருமான நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1962-ல் டி.ஆர்.டி.சி. என்ற ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கியது இதே பெங்களூரில்தான். புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் பகுப்பு முறையை நாம் மேலோட்டமாகப் படிக்கலாமா?

செய்முறைதான் போதாது. புத்தக விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 வடிவத்தில் 100 ஆசிரியர், 245 தலைப்பு, 082 டூயி எண் (பொருள்வாரிப் பகுப்பு எண்) என்று ஒப்பிப்பவர்கூட தமிழ்ப் புத்தகம் கைக்கு வந்ததும் திணறுவார். கவிதைத் தொகுப்புக்கு டூயி எண் 894.8111 போட்டுவிடலாம். ஆனால் இனிஷியல் முன்னாலா, பின்னாலா? ஒரே ஆசிரியர் பெயர் இரண்டு விதமாகப் பதிவானால், தேடும்போது பாதிப் புத்தகங்கள் கண்ணில் படாது.

அதனால் கோஹா என்ற நூலக மென்பொருளை உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் இயங்குதளத்தில் நீங்களே நிறுவி, ஐம்பது தமிழ்ப் புத்தகங்களைப் பதியுங்கள். மென்பொருள் இலவசம். பதிந்தது எதுவுமே தேடலில் வராவிட்டால், பெரும்பாலும் தேடலுக்கான இன்டெக்ஸைத் தயாரிக்கும் ஜீப்ரா இன்டெக்ஸர் ஓடவில்லை என்று அர்த்தம். ஆங்கிலம் வந்து தமிழ் மட்டும் தகராறு செய்தால், இன்டெக்ஸ் எழுத்துகளைக் கையாளும் முறை சி.எச்.ஆர். என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், யூனிகோடு எழுத்துகளுக்கு ஏற்ற ஐ.சி.யு. முறைக்கு மாற்றி முழுவதையும் ரீ-இன்டெக்ஸ் செய்ய வேண்டும்.

மத்திய அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயமில் பாடங்களைப் படிக்கக் காசு வேண்டாம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். தனியார் படிப்பென்றால், பழக கோஹா சர்வர் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். வெறும் வீடியோ என்றால் வேண்டாம். பதிந்து பழகப் புத்தகம் இல்லையா? அல்சூர் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள்.