அப்பாவின் இதயக் கிளினிக்: வன்னியிலிருந்து ஒரு மதிப்பீடு

இதயச் செயலிழப்புக்காக விடியுமுன் மாங்குளத்தில் பஸ் ஏறி அப்பாவை நான் அழைத்துச் செல்லும் கிளினிக்கின் சேவை, காத்திருப்பு நீண்டாலும், மிகத் தரமானது. கார்வெடிலோல் என்ற இதயக் குளிசையை 3.125 மில்லிகிராமில், நாளுக்கு இருவேளை உணவுடன் தொடங்கிய வைத்தியர், இரண்டு கிழமைக்கு ஒருமுறை நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, கணுக்காலை விரலால் அழுத்தி வீக்கத்தைச் சோதித்த பின்னரே அளவைக் கூட்டினார். பலவீனமான இதயத்தை, துடிப்பை விரைவுபடுத்தும் பரிவு நரம்புகள் நோரட்ரினலின் என்ற இரசாயனத்தைச் சுரந்து ஓயாமல் விரட்டுகின்றன என்றும், குளிசை அந்த விரட்டலைத் தணிப்பதால் இதய நரம்புகளின் செயற்பாடும் மாதக்கணக்கில் சீரடையக்கூடும் என்றும் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் வரைந்தே விளக்கினார். முதற் கிழமைகளின் களைப்பைக் கண்டு நாங்கள் குளிசையை நிறுத்த எண்ணியபோது, திடீரென நிறுத்துவது ஆபத்து என்று தாதி கண்டிப்புடன் தடுத்ததை நன்றியோடு நினைக்கிறேன். குளிசை உறைகளில் வேளையைப் பெரிய எழுத்தில் எழுதித் தந்தால், கண் மங்கிய முதியவர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.