ஸ்டார்லெட் ஜிடி டர்போ: பழைய எஞ்சினை அவிழ்த்துக் கட்டுவதா, வேறொன்றை இறக்குவதா?

யாழ்ப்பாணத்தில் டொயோட்டா ஸ்டார்லெட்டுக்குப் பஞ்சமில்லை. பொனெற்றில் காற்று வாய் வைத்த ஜிடி டர்போதான் அரிது. 1989 கடைசியில் ஜப்பானில் வந்த ஈபி82 மாடல் அது. 1331 சிசி எஞ்சின், 135 குதிரைவலு, காரின் எடையோ 830 கிலோ அளவில்தான். ஸ்போர்ட்ஸ் கார் என்று சொன்னால் சிரிப்பவர்கள் இரண்டாம் கியரில் ஒருதரம் அதில் ஏறிப் பார்க்கட்டும். ஆனால் இன்றைக்கு ஓடுகிற ஜிடிகள் முப்பது வயதை ஒட்டியும் தாண்டியும் நிற்கின்றன. நீலப் புகை, பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறும்போது எரிந்த ஒயில் மணம், டிப்ஸ்டிக்கை இழுக்கும் போதெல்லாம் குறைந்திருக்கும் மட்டம் என்று வந்தபிறகு எல்லாரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: இருக்கிற எஞ்சினை அவிழ்த்துக் கட்டுவதா, ஜப்பானிலிருந்து வந்த பழைய எஞ்சினை இறக்குவதா, யாரோ கட்டி வைத்திருப்பதை வாங்கிப் பூட்டுவதா, டர்போவே வேண்டாம் என்று சாதாரண எஞ்சினைப் போடுவதா.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிளாக் (சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் உடல்) அளவெடுப்பில் தப்பினால் சொந்த எஞ்சினையே கட்ட வேண்டும். தப்பாவிட்டால்தான் மற்றக் கதை. ஆனால் எங்கள் ஊரில் இது தலைகீழாகத்தான் நடக்கிறது: முதலில் எஞ்சினுக்கு விலை பேசி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பிறகுதான் பழையதைக் கழற்றுகிறார்கள்.

கழற்றுவதற்கு முன்னும் ஒரு வேலை இருக்கிறது. புகை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியவுடன் ஒருதரம் புகைத்துவிட்டு நின்றுவிட்டால் அநேகமாக வால்வ் சீல். சிக்னலில் கொஞ்ச நேரம் நின்று, மறுபடி இழுக்கும்போது வந்தால் வால்வ் சீல் அல்லது டர்போ சீல். இழுக்க இழுக்க விடாமல் வந்தால்தான் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும். பிறகு கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அமுக்கம், பார்க்க வேண்டும். நாலு சிலிண்டருக்கும் இடையில் வித்தியாசம் 1 கிலோவுக்கு மேல் போனால் விஷயம் இருக்கிறது. குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டர் துளை), ஏறாவிட்டால் வால்வ் அல்லது காஸ்கட். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி விரலை விட்டுத் துடைத்தால் இன்னொரு பதில் கிடைக்கும். உள்ளே ஒயில் தேங்கி நிற்கிறது, கொம்பிரஷனோ நாலிலும் சமமாக இருக்கிறது என்றால் எஞ்சினில் கை வைக்கத் தேவையில்லை. டர்போவை மட்டும் பாருங்கள். டர்போவின் பாவத்துக்கு எஞ்சின் கழுத்தை நீட்டிய கதைகள் இங்கே நிறைய உண்டு.

இனி சொந்த எஞ்சினைக் கட்டும் கதைக்கு வருவோம். ஜிடியின் டர்போ எஞ்சினான 4ஈ-எஃப்டிஈயின் பிளாக் வார்ப்பிரும்பு. இதுதான் நமக்குப் பெரிய கொடுப்பினை. அலுமினிய பிளாக்கில் உள்ளே விசேஷப் பூச்சு வைத்த எஞ்சின்களைப் போல நுணுக்க வேலை கேட்காது. போர் அடித்து (துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி), ஹோன் பண்ணி (கல்லால் தேய்த்து), ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். சிலிண்டர் விட்டம் 74 மில்லிமீற்றர். 0.50 ஓவர்சைஸ் என்றால் 74.50. யாழ்ப்பாணத்து லேத் பட்டறைகள் லான்ட்மாஸ்டரும் லொறியும் மீன்பிடி வள்ளத்து எஞ்சினும் போர் அடித்துக் கை பழகியவை. கை சுத்தம்தான். ஆனால் டீசலுக்கு விடுகிற இடைவெளியைப் பழக்க தோஷத்தில் இதற்கும் விட்டால் பிஸ்டன் தட்டும், ஒயில் மேலே ஏறும். அதனால் பிளாக்கை மட்டும் கொண்டுபோய் "அரை மில்லி எடுத்து விடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு வரக்கூடாது. பிஸ்டன் கைக்கு வந்தபிறகே போர் வேலை. நாலு பிஸ்டனையும் மேசையில் வைத்து மைக்ரோமீற்றரால் அளந்து, பிஸ்டன் செய்தவர் சொன்ன இடைவெளியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஒவ்வொரு துளையையும் அதனதன் பிஸ்டனுக்குச் சரியாக எடுக்கச் சொல்ல வேண்டும். முகம் சுளிக்காமல் அந்தத் தாளை வாங்கி மெசினில் ஒட்டி வைக்கிற ஆளிடம் வேலையைக் கொடுக்கலாம்.

ஹோன் பண்ணி வந்த சிலிண்டரைச் சவர்க்காரத் தண்ணீரில் பிரஷ் போட்டுக் கழுவ வேண்டும். பெற்றோலாலும் டீசலாலும் துடைத்தால் மேலெழுந்தவாரியாகத்தான் போகும். ஹோன் கல்லின் தூள் அந்தக் குறுக்குக் கோடுகளுக்குள் தங்கிவிடும். வெள்ளைத் துணியில் ஒயில் தொட்டுத் துடைத்து, துணி வெள்ளையாகவே வரும்வரை கழுவுங்கள். ரிங்குகளை ஒவ்வொன்றாக அதனதன் சிலிண்டருக்குள் தள்ளி இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். பெயரிங்குக்கு பிளாஸ்டிகேஜ் நூல் வைத்து இறுக்கிக் கழற்றி அளவு பாருங்கள். பொறுமை கேட்கிற வேலைதான். ஆனால் கட்டி முடித்த அன்றைக்கு உங்கள் எஞ்சினுக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். மற்ற மூன்று வழிகளிலும் காசு கொடுத்தும் கிடைக்காதது அதுதான்.

காசு பற்றி ஒரு வார்த்தை. 2021இல் ஆரோ சொன்ன விலையை வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். 2022 மார்ச்சில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. பிறகு இறங்கி 2025இல் 300ஐ ஒட்டி நின்றது. பிஸ்டனும் காஸ்கட்டும் டொலரில்தான் பிறக்கின்றன. பட்டறைக் கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. ஆக, இப்போது சாமானுக்குத்தான் செலவு, கைவேலைக்கு இல்லை. கட்டுகிற பக்கம் தராசு சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜப்பான் எஞ்சினை விரும்புகிறவர்களின் வாதம் எனக்குப் புரியாமல் இல்லை. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து லொறியில் ஏற்றினால் அடுத்த நாள் யாழ்ப்பாணம். இரண்டு நாளில் பூட்டி ஓடலாம். "அங்கத்தைய ஆக்கள் கவனமா ஓடினது தம்பி, ஐம்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்பார்கள். மீற்றர் காரோடு போய்விட்டது, எஞ்சின் தனியாக வந்திருக்கிறது. ஐம்பதாயிரம் என்று எஞ்சினின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? இதே எஞ்சின் பின்னால் வந்த ஸ்டார்லெட் கிளான்சாவிலும் 1999 வரை வந்தது. ஆகப் புதியதே கால் நூற்றாண்டு பழையது. ஓடாமல் கிடந்தால் இன்னும் மோசம்: ரப்பர் சீல் காய்ந்துபோகும், திறந்த வாயால் கடற்காற்று புகுந்து சிலிண்டர் சுவரில் துரு பூக்கும்.

அப்படியும் வாங்குவதென்றால் கடையிலேயே பார்க்க வேண்டியவை சில. ஒயில் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பாருங்கள்: கேம் சாஃப்ட் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது, கரித்தார் படிந்திருந்தால் ஒயில் மாற்றாமல் ஓடிய எஞ்சின். கிராங்க் போல்ட்டில் சாவி போட்டுக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது கரகரத்தால் வேண்டாம். பிளக் துளை வழியாக போனில் மாட்டுகிற சின்ன கமராவை இறக்கினால் துருவும் கீறலும் தெரியும். டர்போவின் சாஃப்ட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிதாக ஆடுவது இயல்பு. முன்னும் பின்னுமாக ஆட்டம் தெரிந்தாலோ, சில்லின் நுனி கூட்டில் உரசிய அடையாளம் இருந்தாலோ அந்த டர்போ முடிந்தது. கம்பியூட்டரும் வயரிங்கும் கூட வருகின்றனவா என்றும் கேளுங்கள்.

இத்தனையும் தேறினாலும் ரைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்க் சீல் இரண்டு, வால்வ் சீல் ஆகியவற்றை மாற்றாமல் அதைக் காருக்குள் இறக்க எந்த நல்ல மெக்கானிக்கும் சம்மதிக்க மாட்டார். அதற்கான செலவைக் கூட்டினால், கட்டுகிற செலவில் பாதியைத் தொட்டுவிடுவீர்கள்.

மூன்றாவது வழி, கட்டி வைத்த எஞ்சின். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளிப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். என்ன ஓவர்சைஸ் பிஸ்டன், பெயரிங் இடைவெளி எவ்வளவு, அளவெழுதிய தாள் எங்கே என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இருந்தால் பேசலாம். "எல்லாம் புதுசுதான் தம்பி" என்பது பதில் இல்லை.

நாலாவது வழியை டர்போப் பிரியர்கள் ஏளனமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டர்போ இல்லாத 4ஈ-எஃப்ஈ சாதாரண ஸ்டார்லெட்டிலும் கொரொல்லா 101இலும் வந்தது. சாமான் கிடைக்கும், எந்த கராஜிலும் கை வைப்பார்கள். ஊருக்கு வெளியே கார்களுக்குச் சட்டப்படி 70 கிலோமீட்டர்தான் வேகம். ஆனையிறவைத் தாண்டுகிற நேரம் 135 குதிரையும் லாயத்தில்தான் நிற்கப் போகின்றன. தினமும் வேலைக்கு ஓடுகிற கார் என்றால் இதைப் போட்டுவிட்டு, டர்போ எஞ்சினை ஒயில் தடவி மூடிக் கட்டி வீட்டில் வைத்திருங்கள். பிறகு வசதி வரும்போது ஆறுதலாகக் கட்டலாம். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: இந்த 4ஈ-எஃப்ஈயின் தலையில் பழைய டர்போவைக் கொண்டுபோய்ப் பூட்டாதீர்கள். டர்போ எஞ்சினின் அமுக்க விகிதம் 8.2, இதனுடையது 9.6. பூஸ்ட் ஏறினால் பெற்றோல் நேரத்துக்கு முன் வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

பெற்றோல் என்றதும் ஒரு பழைய கதை. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேட்டருக்குள் துளி பெற்றோல் பீச்சி ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்டின் ஏ40யும் மொரிஸ் மைனரும் அதைத் தாங்கின, ஏனென்றால் அவற்றின் அமுக்கம் குறைவு. அந்தக் காலத்தில் கை பழகியவர்கள் சிலர் இன்றைக்கும் "எஞ்சின் எதையும் குடிக்கும்" என்கிற நம்பிக்கையில் இருக்கிறார்கள். டர்போ குடிக்காது. இந்தக் கார் ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்கு என்று ட்யூன் பண்ணியது. 92 ஒக்டேன் அடித்துக்கொண்டு பூஸ்ட்டில் இழுத்தால், நாலில் எந்த வழியால் வந்த எஞ்சினும் ஒரே மாதிரித்தான் சாகும். 95 அடிக்கத் தயாரில்லை என்றால் நாலாவது வழியே உங்களுக்கு வழி.

தண்ணீரும் அப்படித்தான். எங்கள் நிலம் சுண்ணக்கல், கிணற்றுத் தண்ணீர் வன்தண்ணீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் ரேடியேட்டருக்குள்ளும் படிகிறது. புது எஞ்சினைப் பழைய ரேடியேட்டரோடு பூட்டி, வாளியால் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள், காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட் கலந்து விடுங்கள். பழைய எஞ்சின் பெயரிங் போய் நின்றதென்றால் ஒயில் குழாய்களில் உலோகத் தூள் இருக்கும். டர்போவுக்குப் போகும் ஒயில் குழாய் மெல்லியது, உள்ளே கரி கட்டியிருக்கும். அதைக் கழுவிப் பூட்டுவதைவிடப் புதிதாகப் போடுவது நல்லது. புது டர்போவை முதல் மணித்தியாலத்திலேயே தின்பது பெரும்பாலும் இந்தக் குழாய்தான்.

இன்னொன்று கடதாசி விவகாரம். எஞ்சின் இலக்கம் வாகனப் புத்தகத்தில் இருக்கிறது. சொந்த பிளாக்கைக் கட்டினால் இலக்கம் மாறாது, ஒருவரிடமும் போக வேண்டாம். வேறு எஞ்சின் இறக்கினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும். வாங்கும்போதே பில்லையும் சுங்கப் பத்திரத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள்; பிறகு தருகிறேன் என்கிற கடையில் பிறகு ஒருநாளும் வராது. விற்கிற நேரத்தில்தான் இதன் வலி தெரியும். 2020 மார்ச்சில் நின்ற தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் பெறுமதி ஏறியதோடு, வாங்க வருகிறவர்கள் புத்தகத்தையும் எஞ்சினையும் டோர்ச் அடித்து ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

எந்த வழியில் பூட்டினாலும் முதல் ஸ்டார்ட் ஒரே மாதிரி. பிளக்கைக் கழற்றி, பெற்றோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஒயில் லைட் அணையும்வரை செல்ஃப் அடித்து, பிறகுதான் உயிர் கொடுக்க வேண்டும். புதிதாகக் கட்டிய எஞ்சினை வீட்டு முற்றத்தில் மணிக்கணக்காக ஐடிலில் விட்டுப் பழக்குகிறார்கள். அதால் ரிங் சிலிண்டர் சுவரோடு படிந்து பிடிக்காது. மினரல் ஒயில் விட்டு, ஏறி இறங்கும் வேகத்தில், பூஸ்ட் தொடாமல் ஓடுங்கள். பரந்தன் வரை போய் வந்தாலே 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். அன்றைக்கே ஒயிலை வடித்து, ஃபில்டரை அறுத்து, உள்ளிருக்கும் கடதாசி மடிப்புகளை வெயிலில் விரித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மெல்லிய தூள் இருப்பது வழக்கம். செம்பு நிறத்திலோ செதில் செதிலாகவோ மின்னினால் மறுபடி சாவி போடாமல், கட்டினவரை அந்த இடத்துக்கே கூப்பிடுங்கள்.