வாடகைக்கு எடுக்கும் ஃபவுலர் கட்டில்: செட்டிநாட்டு வீட்டுக்குத் தோதா?

வயிற்றைத் திறந்து செய்த பெரிய புற்றுநோய் அறுவை முடிந்து, வீட்டுக்காரரையோ வீட்டுக்காரம்மாவையோ மதுரையிலிருந்து கூட்டிவரும் தேதி தெரிந்ததும் காரைக்குடிப் பக்கம் முதலில் தேடுவது ஃபவுலர் கட்டில் எனப்படும், ஹேண்டிலைச் சுற்றித் தலைப்பக்கத்தை உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலைத்தான். சாமான் நல்ல சாமான். ஆனால் அது தயாரானது ஒரே மட்டத்தில் தளம் போட்ட ஆஸ்பத்திரி வார்டுக்கு. ஒவ்வொரு கதவு நிலையிலும் படி வைத்த நம் வீட்டுக்கு அல்ல.

இரண்டு வகை கிடைக்கும். செமி ஃபவுலரில் கால்மாட்டில் ஒரே ஹேண்டில், தலைப்பக்கம் மட்டும் எழும். ஃபுல் ஃபவுலரில் இரண்டு ஹேண்டில், முழங்கால் பகுதியும் மடங்கும். வாடகை கொஞ்சம் கூடினாலும் இரண்டு ஹேண்டில் கட்டிலையே எடுங்கள். நடுவயிற்றில் நீளத் தையல் உள்ளவருக்கு முழங்கால் சற்று மடங்கியிருந்தால்தான் தையல் இழுக்காது. உணவுக்குழாய் அறுவை ஆனவரைத் தலைப்பக்கம் 30 டிகிரியாவது உயர்த்தியே தூங்கச் சொல்வார்கள். தலையணை அடுக்கினால் நடுராத்திரியில் சரிந்துவிடும். மோட்டார் கட்டில் வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் உயர்த்திய தலைப்பக்கம் அப்படியே நின்றுவிடும்.

ஹேண்டிலைச் சுற்றுவதற்கும் முறை உண்டு. ஏற்றும்போது முழங்கால் முதலில், பிறகு முதுகு. மாற்றிச் செய்தால் ஆள் கால்மாட்டுக்குச் சறுக்குவார், வால் எலும்புத் தோல் உரசிப் புண்ணாகும். இறக்கும்போது முதுகு முதலில். முழங்காலை உயர்த்தியபடியே மணிக்கணக்கில் விடாதீர்கள்; கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்து இந்த அறுவைகளுக்குப் பின் கூடுதல். பலருக்கு 28 நாள் வரை ஊசி எழுதித் தருவது அதற்காகத்தான். ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சுற்றி முடித்ததும் ஹேண்டிலை உள்ளே மடக்குங்கள். மடக்காத ஹேண்டில் இருட்டில் யாராவது ஒருவர் முழங்காலைப் பதம் பார்க்கும்.

இந்தக் கட்டிலின் பெரிய குறை உயரம். மெத்தையோடு சேர்ந்தால் குட்டையான அம்மாவுக்குக் கால் தரையில் படாது. மணைப்பலகை போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள், அது வழுக்கும். விளிம்பில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும். எடுக்கும் முன் நோயாளியின் முழங்கால் உயரத்தை அளந்துகொண்டு போங்கள். காற்று மெத்தையும் சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். எழுந்து நடக்கிறவருக்கு அது தேவையில்லை; விளிம்பு அமுங்கி எழவே விடாது. நாலு அங்குல ஃபோம் போதும், ரெக்சின் கிழிந்திருந்தால் மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். ரெக்சின் மேல் முதுகு வேர்த்து ஊறும். பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்து விரித்தால் சரியாகும்.

அடுத்தது ஆத்தங்குடிக் கல். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் தரையில் பிரேக் போட்டும் கட்டில் நகரும். சக்கரம் சுற்றாது, ஆனால் சறுக்கும். எழுந்திருக்கும் நேரத்தில் நகர்ந்தால் ஆள் கீழே. சக்கரமில்லாமல் ரப்பர் புஷ் வைத்த காலுள்ள கட்டிலைக் கேளுங்கள். இல்லையென்றால் நாலு சக்கரத்துக்கும் கீழே ரப்பர் பாய்த் துண்டு போட்டு, ஒரு பக்கத்தைச் சுவரோடு அணையுங்கள். ஆள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே எண்ணெய் துடைப்பதை நிறுத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். தரை மங்கினால் மங்கட்டும்.

எங்கே போடுவது? வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியுள்ள அறைகளின் நிலை குறுகல், அங்கே நுழைக்கப் பார்த்து மரத்தைக் கீறாதீர்கள். தலைப்பலகையையும் கால்பலகையையும் கழற்றிச் சட்டத்தை ஒருக்களித்துப் பட்டாலை என்கிற பெரிய கூடத்துக்குக் கொண்டுபோவது எளிது. படுக்குமிடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே எத்தனை நிலைப்படி என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கொல்லைப்புறக் கழிப்பறைக்கு இரண்டு கட்டு தாண்ட வேண்டுமென்றால் இரவுக்குக் கட்டிலோரம் கமோடு சேர் அவசியம். கைப்பிடி உள்ளதாகவும் வாளியைக் கழற்றக்கூடியதாகவும் இருந்தால் பகலில் அதையே கழிப்பறைக் குழிமேல் வைத்துக்கொள்ளலாம். படிக்குச் சாய்தளம் கட்டும் யோசனையை விடுங்கள்: ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் ஆறு அங்குலப் படிக்கு ஆறடி நீளம் வேண்டும். நிலையைப் பிடித்து ஒவ்வொரு காலாகத் தாண்டுவதே நடக்கும் ஆளுக்கு நல்லது.

ஒரு விஷயத்தில் நம் வீட்டை எந்த ஆஸ்பத்திரியும் மிஞ்ச முடியாது. வளவின் நாலு பக்கத் தாழ்வாரப் பத்தியும் நிழல், பிடிக்கத் தூண். முதலில் அஞ்சு நிமிடம், நாளைக்கு நாலைந்து தடவை, பிறகு சுற்று எண்ணிக் கூட்டலாம். மழை பெய்தால் முற்றத்தோரம் நனையும். உள்சுவர் ஓரமாக நடக்க வேண்டும்.

வீட்டின் நீளத்துக்குக் குரல் எட்டாது. தலைமாட்டில் பித்தளை மணியோ பேட்டரி காலிங்பெல்லோ வையுங்கள். பார்க்க வரும் பங்காளிகள் கட்டிலிலேயே உட்காருவார்கள். நாலடி தள்ளி நாற்காலி போட்டுவிட்டால் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை.

கட்டிலின் கம்பியைப் பிடித்து நேராக எழ விடக்கூடாது. தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போது வயிற்றில் தலையணையை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஹேண்டிலைத் தொடாமல், மட்டமாகக் கிடந்தே ஒரு வாரம் இப்படி எழுந்துவிட்டால் கட்டிலைத் திருப்பிவிடலாம். அதனால் முதல் மாதத்துக்குப் பிறகு வாரக் கணக்கு என்று எடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். பெயின்ட் உதிர்ந்த இடம், வளைந்த கம்பி எல்லாவற்றையும் இறக்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள், இல்லையென்றால் முன்பணத்தில் பிடித்துவிடுவார்கள்.