பூட்டிய அறைக்குள் கொலை: ஜோனதன் க்ரீக்கா, மாங்க்கா, டெத் இன் பேரடைஸா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் குறும்படம் எடுக்கிறவர்கள், ஊர் நாடகம் எழுதுகிறவர்கள் துப்பறியும் கதையில் கை வைத்தால் ‘யார் கொன்றது’ என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ‘இது எப்படி நடந்திருக்க முடியும்’ என்று திகைக்க வைப்பது வேறு வித்தை. உள்ளே தாழ் போட்ட அறையில் பிணம் கிடக்கும், ஆயுதம் இருக்காது. அல்லது ஆயுதம் இருக்கும். ஆள் வந்துபோன தடமே இருக்காது. இந்த வகையைத் தொலைக்காட்சியில் விடாப்பிடியாகச் செய்தவை என்று ஜோனதன் க்ரீக், மாங்க், டெத் இன் பேரடைஸ் ஆகிய மூன்று தொடர்களைச் சொல்லலாம். கதை எழுதக் கற்க எதைப் பார்ப்பது என்பதுதான் இங்கே பேச்சு. எந்தப் பகுதியின் விடையையும் உடைக்கப் போவதில்லை.

எங்கள் முதல் ஓட்டு ஜோனதன் க்ரீக்குக்கு. பிபிசியில் 1997 மே மாதம் தொடங்கி, இடைவெளி விட்டு விட்டு 2016 டிசம்பர் வரை வந்தது. சிறப்புப் பகுதிகளோடு சேர்த்து மொத்தம் 32. எழுதியவர் டேவிட் ரென்விக், அதற்கு முன் நகைச்சுவைத் தொடரில் பெயர் வாங்கியவர். தொடரின் பெயரையே கொண்ட நாயகன் க்ரீக் போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை. ஆடம் க்ளாஸ் என்ற தற்பெருமை பிடித்த மேடை மந்திரவாதிக்குப் பின்னாலிருந்து வித்தைகளை வடிவமைத்துக் கொடுக்கும் ஆள். பழைய காற்றாலைக்குள் குடியிருக்கிறான். கூட்டம் என்றாலே ஒதுங்குவான். ஆலன் டேவிஸ் நடித்திருக்கிறார். அவனை வெளியே இழுத்து வருபவள் மேடி மெகல்லன், தீராத வழக்குகளைத் தோண்டி எழுதுபவள். கரோலின் குவென்டின் நடித்த அந்த மேடி முதல் மூன்று பருவங்களில் மட்டுமே வருகிறாள்.

மேடை வித்தைக்காரனைத் துப்பறிய வைத்ததுதான் இந்தத் தொடரின் உயிர். பார்க்கிறவர் எதைப் பார்த்தார் என்று க்ரீக் கேட்பதில்லை. பார்க்காமலேயே எதை ‘இருக்கும்’ என்று எடுத்துக்கொண்டார் என்று தேடுகிறான். முதல் பருவத்தின் இரண்டாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற நகைச்சுவை நடிகர் ஒருவர், அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய கான்கிரீட் நிலவறைக்குள் குண்டடிபட்டுக் கிடக்கிறார். கதவு உள்ளிருந்து பூட்டியிருக்கிறது. தற்கொலை என்று முடித்துவிடலாம் என்றால், மூட்டுவாதத்தால் அவர் விரல்கள் துப்பாக்கி விசையை இழுக்க முடியாத நிலையில் இருக்கின்றன. சுவர், கதவு, விரல் என்று மூன்று பூட்டு. எந்த இரண்டை வைத்தாலும் விடை சுலபம். மூன்றாவது வந்து இறுக்கிவிடுகிறது. புதிர் கட்ட நினைப்பவர் பேப்பரில் எழுதிப் பார்க்க வேண்டிய அமைப்பு இது. அதே பருவத்தில், காலி என்று பார்த்து மாடிக்குத் தூக்கிச் சென்ற அலமாரியைத் திறந்தால் பிணம் இருக்கும் பகுதியும் உண்டு. கேள்வி ஒரே வரியில் அடங்குகிறது. ஒரு வரியில் சொல்ல முடியாத புதிர் பார்வையாளரைக் குழப்பும், திகைக்க வைக்காது.

குறையும் இருக்கிறது, சின்னக் குறை இல்லை. கொன்றவர் ஏன் இவ்வளவு சுற்றி வளைத்துச் செய்ய வேண்டும் என்ற கேள்விக்குச் சில பகுதிகளில் பதில் பலவீனம். ஒருவர் ஒரு ரகசியத்தை மறைக்க, இன்னொருவர் வேறொன்றை மறைக்க, இரண்டும் குறுக்கிட்டு ‘நடக்கவே முடியாதது’ தானாக உருவாகும் கதைகளில்தான் ரென்விக் ஜெயிக்கிறார். யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டு அதிசயம் செய்யும் கதைகளில் இயந்திரத்தின் சத்தம் கேட்டுவிடுகிறது. 2014இல் வந்த ஐந்தாம் பருவத்தின் தொடக்கத்தில் குற்றம் நடந்த விதத்தை முன்கூட்டியே காட்டிவிட்டார்கள். இந்தத் தொடருக்கு அது பொருந்தவே இல்லை.

மாங்க் அமெரிக்கத் தொடர். 2002 முதல் 2009 வரை எட்டுப் பருவம், 125 பகுதிகள். சான் பிரான்சிஸ்கோவில் போலீஸாக இருந்து, மனைவி கார் குண்டில் இறந்த பிறகு வேலையை இழந்தவர் ஏட்ரியன் மாங்க். அழுக்கு, உயரம், கூட்டம் என்று பயப்படாத பொருள் இல்லை. எதையும் நேராக அடுக்காமல் நகர முடியாது. டோனி ஷலூபுக்கு மூன்று எம்மி விருது வாங்கிக் கொடுத்த வேடம். இதில் பல பகுதிகளில் கொலையாளி யாரென்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். சந்தேகப்படும் ஆள் விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்தபோது கொலை நடக்கிறது. கோமாவில் கிடப்பவர் பேரில் தபால் குண்டு வருகிறது. உடைக்க வேண்டியது ‘நான் அங்கே இல்லை’ என்ற சாக்கைத்தான்.

எழுதுபவருக்கு மாங்க்கில் கிடைப்பது நேரக் கட்டுப்பாடு. விளம்பரம் போக சுமார் 42 நிமிடம். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும் ஒரு திருப்பம் வைத்தே ஆக வேண்டும். ஆனால் புதிரின் நேர்த்தி க்ரீக்குக்குக் கீழேதான். விடை பல நேரம் மாங்க்கின் கண்ணில் படும் ஒரு சிறு ஒழுங்கின்மையில் தொங்குகிறது. அந்தச் சாமான் கோணலாக இருந்ததை நமக்கும் காட்டினார்களா என்று திருப்பிப் போட்டுப் பார்த்தால், சில பகுதிகளில் அரை விநாடிதான் காட்டியிருப்பார்கள். ஆனாலும் இந்த மனிதரை மறக்க முடியாது. மூன்று நாயகர்களில் நெஞ்சில் நிற்பவர் இவர்தான்.

டெத் இன் பேரடைஸ் 2011 அக்டோபரில் பிபிசியில் தொடங்கியது. செயின்ட் மேரி என்ற கற்பனைத் தீவில் கதை. படப்பிடிப்பு கரீபியனில் குவாதலூப் தீவில். உருவாக்கியவர் ராபர்ட் தரோகுட். வெயில் கொளுத்தும் கடற்கரையில் கோட்டு சூட்டோடு, கையில் பெட்டியோடு திரியும் ஆங்கிலேய இன்ஸ்பெக்டர் ரிச்சர்ட் பூல் முதல் நாயகன். பிறகு நாயகர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள், அச்சு மாறவில்லை. தொடக்கப் பாட்டுக்கு முன் கொலை. நாலைந்து சந்தேக நபர்கள், எல்லாருக்கும் பலமான சாட்சி. வெள்ளைப் பலகையில் படம் ஒட்டுவார்கள். சம்பந்தமில்லாத ஒரு பேச்சில் பொறி தட்டும். கடைசியில் எல்லாரையும் கூட்டி வைத்து விளக்கம். முதல் பகுதியே உள்ளிருந்து பூட்டிய பாதுகாப்பு அறைக்குள் ஒரு போலீஸ் அதிகாரி சுடப்பட்ட கதைதான். தடயத்தை மறைக்காமல் முன்னால் வைப்பதில் மூன்றில் இதுதான் நேர்மையானது. பத்துப் பகுதி தொடர்ந்து பார்த்தால் அச்சு சலிக்கும். எழுத முயல்பவருக்கு அந்த அச்சே பாடம்.

இனி இதை நம் மண்ணுக்குக் கொண்டுவந்தால் எது தாங்கும், எது உடையும்?

முதலில் கதவு. ஓட்டு வீட்டில் பூட்டிய அறைப் புதிர் நிற்காது; நாலு ஓட்டை நகர்த்தினால் ஆள் இறங்கிவிடலாம். தளம் போட்ட வீடு வேண்டும். எல்லாருக்கும் தோன்றும் யோசனை பனிக்கட்டி. டவர் போல்ட்டின் பிடியை அதன் பள்ளத்துக்குள் திருப்பாமல், கீழே ஒரு துண்டு பனிக்கட்டியை முட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினால், கட்டி உருகித் தாழ் தானே தரைக் குழிக்குள் விழும். எழுதும்போது அழகாக இருக்கும். செய்து பார்த்தால் மூன்று இடத்தில் மாட்டும். ஒன்று, கதவின் மேல்பக்கத்தில் போல்ட் இருந்தால் எடை அதைக் கீழே இழுக்கும், அதாவது திறந்துகொள்ளும். கதவின் அடியில் உள்ள போல்ட்தான் இதற்கு ஆகும். இரண்டு, கீல் தளர்ந்து கதவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் போல்ட் குழியைத் தவறவிட்டுத் தரையில் முட்டி நிற்கும். குழியில் அடைந்த மண்ணும் அதே வேலையைச் செய்யும். மூன்று, வாசற்கதவுகளில் இருப்பது ஆல்ட்ராப். குறுக்கே ஓடுவது, தானாக விழாது. உருகிய தண்ணீர் பற்றிக் கவலை வேண்டாம், மே மாத வெயிலில் சிமென்ட் தரை சீக்கிரமே காய்ந்துவிடும். ஆனால் கதையைக் கார்த்திகை மழையில் வைத்தால் ஈரமும் நிற்கும், மரமும் ஊதிப்போய் போல்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

இதைவிட க்ரீக் பாணிக்கு நம்மிடம் இருக்கும் தங்கச் சுரங்கம் தெருக்கூத்து. ஊரே பார்க்க விடிய விடிய மேடையில் இருந்தவன், அதே இரவில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொலை செய்திருக்க முடியுமா? அரிதாரம், கிரீடம், புஜகீர்த்திக்குள் இருப்பது யார் என்று யார் பார்த்தது? ஆனால் ஆள்மாறாட்டம் மேடை நடுவில் எடுபடாது. கூத்தாடி தானே பாடுகிறவன். குரலிலும் அடவிலும் ஊர்ப் பெரியவர்கள் பிடித்துவிடுவார்கள். இடைவெளி இருப்பது திரைக்குப் பின்னால். வேடம் வரும்போது இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்றுதான் பாட்டு தொடங்கும். பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவார்கள். குரல் கேட்கிறது, முகம் தெரியவில்லை. ‘பாட்டு கேட்டது, அப்போதே வந்துவிட்டான்’ என்று எல்லாரும் சாட்சி சொல்வார்கள், ஒருவரும் பொய் சொல்லாமல். பொய்யில்லாத தவறான சாட்சி என்பதுதான் க்ரீக் தொடரின் அடிப்படைப் பாடம்.

டெத் இன் பேரடைஸ் அச்சுக்கு மூடிய வட்டம் வேண்டும், அதாவது வெளியாள் வந்துபோக முடியாமல் சந்தேக நபர்கள் சிலரோடு நிற்கும் இடம். ஒகேனக்கல் பொருந்தும்: காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை வரும், அக்கரை போனவர் போனவர்தான். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை கவர்ச்சியான களம், ஆனால் சீசனில் வேண்டாம். வெளியூர் ஆட்கள், லாரிகள் என்று சந்தேகப் பட்டியல் கட்டுக்கடங்காமல் போகும். சீசன் முடிந்து காவலாளியும் மெக்கானிக்கும் கணக்கருமாக நாலு பேர் மட்டும் இருக்கும் மாதத்தில் வையுங்கள்.

துப்பறிபவர் யார் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாங்க் போலீஸுக்கு ஆலோசகர், பூல் போலீஸேதான். இருவருக்கும் கதவு திறக்கும். க்ரீக்குக்கு மேடி ஏதாவது பொய் சொல்லி வழி செய்ய வேண்டும். நம் ஊரில் வெளியாள் பிணம் கிடக்கும் அறைக்குள் நுழைய முடியாது. சந்தேக மரணம் என்றால் போலீஸ் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு போட்ட இடத்தில், 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 194ஆம் பிரிவு. பிறகு உடல் அரசு மருத்துவமனைக்குப் போய்விடும். ஆகவே தலையாரியை நாயகனாக்கிப் பாருங்கள். விஏஓவோடு முதலில் போய் நிற்பவர், ஊரில் யார் நிலம் யாரோடு தகராறு என்று அறிந்தவர், யாரும் பொருட்படுத்தாதவர். இளவயதில் கூத்தில் கட்டியங்காரன் கட்டியவர் என்றும் வைத்துவிட்டால், திரையின் சூட்சுமம் அவருக்குத் தெரிந்திருப்பது இயல்பாகிவிடும்.

பார்க்கும் வரிசை: க்ரீக் முதல் இரண்டு பருவம், அதோடு 1998 கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதி. பிறகு டெத் இன் பேரடைஸ் முதல் பருவத்தின் எட்டுப் பகுதிகள். அதில் ஒவ்வொன்றையும் விளக்கக் காட்சிக்கு முன் நிறுத்தி, தடயங்களை எழுதிக்கொண்டு பிறகு ஓட்டுங்கள். மாங்க்கில் மேலே சொன்ன விண்வெளி, கோமா இரண்டும் போதும். க்ரீக்கின் ஐந்தாம் பருவத்தை விட்டுவிட்டு, அதற்கு முன்பே வந்த 2009 சிறப்புப் பகுதிக்குப் போகலாம்: பழைய மாளிகையின் மேல்மாடி அறையில் இரவு தங்குபவர்கள் காணாமல் போகும் அந்தக் கதை, ரென்விக் மறுபடி முழுப் பலத்தோடு எழுதியது.