.375, .416, .458: ஆபத்தான பெருவிலங்கு வேட்டைக்கு எந்தக் காலிபர்?

ஆப்பிரிக்கக் காட்டெருமைக்கும் யானைக்கும் எந்தத் தோட்டா, எந்தக் காலிபர் (குண்டின் விட்டம்; .375 என்றால் 0.375 அங்குலம்) சரி என்று பேச ஆரம்பித்தால், பேச்சு சீக்கிரமே எண்களின் சண்டையாகிவிடும். ஒருவர் ஜூல் கணக்குச் சொல்வார், இன்னொருவர் குண்டின் எடையைச் சொல்வார். அந்த ரைஃபிளை யார், எந்த வேலைக்கு எடுத்துப் போகிறார் என்பதை மட்டும் யாரும் கேட்கமாட்டார்கள். என்னைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

இங்கே வேலைகள் இரண்டு. எதையும் அறியாமல் நின்றுகொண்டிருக்கும் விலங்கை, இடம் பார்த்து, முதல் குண்டிலேயே சாய்ப்பது ஒன்று. காயம்பட்டுப் புதரில் பதுங்கி, பிறகு பாய்ந்து வரும் விலங்கை நிறுத்துவது மற்றொன்று. முதலாவது, பணம் கட்டி வரும் வேட்டைக்காரரின் வேலை. இரண்டாவது, அவர் பக்கத்தில் நிற்கும் தொழில்முறை வேட்டைக்காரரின் வேலை. முதல் வேலைக்குத் துல்லியம் வேண்டும். இரண்டாவதற்கு முரட்டு அடி வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவதால்தான் இந்த விவாதம் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது.

.375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னத்திலிருந்து தொடங்குவதே நியாயம். 1912இல் லண்டனில் பிறந்த தோட்டா. 300 கிரெயின் (சுமார் 19 கிராம்) குண்டை நொடிக்குச் சுமார் 2500 அடி வேகத்தில் தள்ளுகிறது. ஆற்றல் 5700 ஜூலை ஒட்டி வரும். அதன் பெரிய பலம் இந்த எண்களில் இல்லை, குண்டு போகும் பாதையில் இருக்கிறது. அந்தப் பாதை மான் வேட்டைக்குப் பழக்கமான .30-06 தோட்டாவின் 180 கிரெயின் குண்டுடையதை ஏறக்குறைய ஒத்தே இருக்கும். சாதாரண மான் ரைஃபிளில் பழகிய கைக்கு 200 மீட்டர் வரை புதிதாகக் கற்க அதிகம் இல்லை. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தான விலங்குகளுக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் காலிபரும் இதுதான். ஜிம்பாப்வே வேறு மாதிரி அளக்கிறது: யானை, காட்டெருமை, நீர்யானைக்கு 9.2 மில்லிமீட்டர் விட்டமும் 5.3 கிலோஜூல் ஆற்றலும் இருக்க வேண்டும். .375 அதையும் தாண்டிவிடுகிறது. 1905இல் ஓட்டோ போக் உருவாக்கிய ஜெர்மன் 9.3×62 அருமையான தோட்டா. ஆனால் வழக்கமான 286 கிரெயின் குண்டோடு அது 4800 ஜூல் அளவில் நின்றுவிடும். சட்டத்தின் வாசலிலேயே தடுக்கப்படும் ரைஃபிளை எவ்வளவு புகழ்ந்து என்ன பயன்?

.375க்கு எதிராகச் சொல்லப்படும் குறை ஒன்றுதான், அது உண்மையும்கூட: நிறுத்தும் வேலைக்கு அது போதாது. காட்டெருமை மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. 30 மீட்டரில் புதரை விட்டு வெளியே வந்தால் கையில் இருப்பது இரண்டு நொடி. இதயத்தில் குண்டு வாங்கிய எருமையே 50, 100 மீட்டர் ஓடும். அந்த இரண்டு நொடியில் அதை உடனே கீழே தள்ளுவது மூளையிலோ தண்டுவடத்திலோ படும் அடிதான். கொஞ்சம் விலகிப் பட்டாலும் தோள் எலும்பை உடைத்து விலங்கைத் தடுமாற வைக்கக் கனமான, அகலமான குண்டு கூடுதல் வாய்ப்புத் தருகிறது. தொழில்முறை வேட்டைக்காரர்கள் .458க்குப் போவது இந்தக் கணக்கில்தான்.

அந்த .458இன் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 1956இல் .458 வின்செஸ்டர் மேக்னம் வந்தபோது அதன் நோக்கம் தெளிவாக இருந்தது. பெரும் பணம் கொடுத்து வாங்க வேண்டிய பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைஃபிள்களின் அடியை, சாதாரண நீளமுள்ள, ஒவ்வொரு முறையும் கையால் தண்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் கொண்டுவர வேண்டும். 500 கிரெயின் குண்டு, நொடிக்கு 2100 அடிக்குப் பக்கமான வேகம் என்று அறிவித்தார்கள். சிக்கல் தோட்டாவின் கூட்டில், அதாவது வெடிமருந்தை அடைக்கும் உலோக உறையில் இருந்தது. இரண்டரை அங்குல நீளம் மட்டுமே கொண்ட அந்தக் கூட்டில், அவ்வளவு நீளமான குண்டுக்கு அடியில் மருந்தை அழுத்தித்தான் அடைக்க முடிந்தது. அழுத்தி அடைத்த மருந்து, ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்தால் கட்டிதட்டும், சரியாக எரியாது. வேகம் சொன்ன அளவுக்கு வராமல், பாய்ந்து வரும் விலங்கின் முன்னால் கை கொடுக்காமல் போன புகார்கள் எழுந்தன. ஜாக் லாட் என்ற அமெரிக்கரை 1959இல் மொசாம்பிக்கில் ஒரு காட்டெருமை முட்டித் தள்ளியது. அப்போது அவர் கையில் இருந்தது .458 வின்செஸ்டர். .375 ஹாலண்டின் நீளமான கூட்டையே விரித்து, அதே 500 கிரெயின் குண்டை 2300 அடி வேகத்தில் அனுப்பும் .458 லாட்டை அவர் 1971இல் உருவாக்கினார். ஆற்றல் 8000 ஜூலைத் தொடுகிறது.

மருந்து தயாரிப்பு மேம்பட்டதால் இன்றைய .458 வின்செஸ்டருக்குப் பழைய குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. அதைக் கையாண்டு பழகியவர் மாற்றத் தேவையில்லை. புதிதாக வாங்குபவர் லாட்டையே வாங்கலாம். லாட் ரைஃபிளின் தோட்டா அறையில் வின்செஸ்டர் தோட்டாவையும் போட்டுச் சுடலாம் என்பதால், பயிற்சிக்கு மென்மையானதையும் காட்டுக்கு முழு வேகத்தையும் வைத்துக்கொள்ள முடியும்.

இங்கேதான் சுடும்போது துப்பாக்கி தோளில் கொடுக்கும் உதை குறுக்கே வருகிறது. .375இன் உதை .30-06ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. லாட்டின் உதை மூன்று மடங்குக்கும் மேல். உதை தோளை நோகடிப்பதோடு நின்றால் கவலையில்லை. அது மனசுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் பிரச்சினை. சுடுதளத்தில் ஒரு சோதனை உண்டு. நண்பரை விட்டு மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத ஒன்றைச் சொல்லாமல் கலந்து வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தோட்டா வரும்போது விசையை இழுத்ததும் ‘டிக்’ என்று மட்டும் கேட்கும், உதை இருக்காது. அப்போது குழல் முனை கீழே சாய்ந்தால், சுடும் முன்பே உடல் அடியை எதிர்பார்த்து முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். இலக்கில் அந்தச் சாய்வு, எருமையின் இதயத்துக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள தூரமாகிவிடும். வயிற்றில் குண்டோடு போன எருமையைத் தேடி நீளமான புல்லுக்குள் முன்னால் இறங்குபவர்கள் தடம் பார்ப்பவர்கள். அவர்களில் பலர் கையில் துப்பாக்கி இருக்காது. உதை தாங்காத காலிபரைக் கௌரவத்துக்காகத் தூக்கிப் போவதை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். விலங்கின் வேதனையும் அந்த மனிதர்களின் உயிரும் சுடுபவரின் தோளில் இருக்கின்றன.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது .416. ரிக்பி நிறுவனம் 1911இல் கொண்டுவந்த .416 ரிக்பியின் கூடு தேவைக்கு மீறிப் பெரியது. அதற்குக் காரணம் உண்டு. கார்டைட் என்ற அக்கால வெடிமருந்து வெப்ப மண்டலத்தில் சூடேறினால் அழுத்தம் எகிறும். பெரிய கூடு அந்த அழுத்தத்தைத் தாழ்வாகவே வைத்திருக்கும், சுட்ட கூடு அறையில் சிக்கிக்கொள்ளாது. 400 கிரெயின் குண்டு, சுமார் 2400 அடி வேகம், 7000 ஜூலை நெருங்கும் ஆற்றல். 1980களின் இறுதியில் வந்த .416 ரெமிங்டன் இதே அடியை ஒல்லியான கூட்டில், கூடுதல் அழுத்தத்தில் தருகிறது. ரிக்பியினுடையதைவிடச் சிறிய ஆக்‌ஷனில் அடங்குவதால் ரைஃபிளின் விலையும் குறையும். குண்டு வாங்கும் விலங்குக்கு இரண்டும் ஒன்றே. இவற்றுக்கு முந்திய .404 ஜெஃப்ரி கிழக்கு ஆப்பிரிக்க வனவிலங்குத் துறைக் காவலர்களின் கையில் பல பத்தாண்டுகள் உழைத்த தோட்டா. உதை மிதமானது, ஆனால் தோட்டா எல்லா ஊரிலும் கிடைக்காது.

இரட்டைக்குழல் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தனி ரகம். 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் .450 காலிபருக்குப் பிரிட்டிஷ் அரசு தடை போட்ட பிறகு, அந்த இடத்தைப் பிடித்த .465, .475 போன்ற கூட்டத்தில் நிலைத்து நின்றது இது. 500 கிரெயின், 2150 அடி. போல்ட்டை இழுக்காமலே இரண்டாவது குண்டு தயாராக இருப்பது 15 மீட்டரில் பெரிய வரம். ஆனால் இரண்டு குழல்களும் ஒரே புள்ளியில் சேரும்படி குறிப்பிட்ட ஒரு தோட்டாவுக்கு ஏற்றவாறு தட்டிச் சரிசெய்யப்பட்டவை. குண்டை மாற்றினால் அந்த ஒற்றுமை குலையும். மூன்றாவது குண்டுக்குத் துப்பாக்கியை மடக்கித் திறக்க வேண்டும். நிறுத்தும் வேலைக்கு மிகச் சிறந்தது. 100 மீட்டரில் நிற்கும் எருமைக்கு அல்ல.

சின்னக் காலிபரே போதும் என்பவர்கள் பழைய காலத்து யானை வேட்டைக்காரர் டபிள்யூ. டி. எம். பெல்லை இழுப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அவற்றில் பெரும்பாலானவை 7×57 தோட்டாவில். உண்மைதான். அவர் யானையின் மண்டையோட்டை அறுத்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர், மிரளாத யானைக்குப் பக்கத்தில் போய் மூளையைச் சுட்டவர், வேட்டையே பிழைப்பாக வாழ்ந்தவர். அவர் செய்தது அவருடைய கண்ணுக்கும் கைக்கும் உரியது. இன்று சட்டமும் அதற்கு இடம் தராது.

காலிபரை முடிவு செய்த பிறகும் குண்டு தவறினால் எல்லாம் வீண். யானைக்கு விரியாத சாலிட் குண்டு மட்டுமே. மூளையைச் சுற்றிய தேன்கூடு போன்ற எலும்பை அது நேர்கோட்டில் துளைக்க வேண்டும், தட்டை முனை உள்ளது இன்னும் நேராகப் போகும். எருமைக்கு முதல் குண்டு கெட்டியாக விரியும் சாஃப்ட், அடுத்தவை சாலிட். கூட்டமாக நிற்கும்போது மட்டும் கவனம்: சாலிட் ஒன்றைத் துளைத்துப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். 200 கிலோவை ஒட்டிய சிங்கத்துக்கு விரியும் குண்டு. அங்கே .458இன் கனம் தேவையே இல்லை, .375 தாராளம்.

காட்டெருமைக்கு முதல்முறை போகிறவருக்கு என் பதில் நல்ல குண்டோடு .375. அதை ஓராண்டு சுட்டுப் பழகி, மருந்தில்லாத தோட்டா சோதனையிலும் குழல் அசையவில்லையென்றால் .416க்கு ஏறலாம். யானைக்கு இரண்டில் .416ஐத்தான் எடுப்பேன். லாட்டும் .470உம் பக்கத்தில் நிற்பவரிடம் இருக்கட்டும். இன்னொரு நடைமுறைக் காரணமும் .375 பக்கம் சாய்கிறது: விமானத்தில் தோட்டாப் பெட்டி வராமல் போனால், தெற்கு, கிழக்கு ஆப்பிரிக்க வேட்டை முகாம்களில் யாரிடமாவது இரவல் கிடைக்க அதிக வாய்ப்புள்ள தோட்டா அதுதான்.